கால்நடை உதவியாளர் வேலையிலிருந்து கால்நடை மருத்துவப் படிப்புக்குப் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை, வள்ளியூர், ஆலங்குளம் பக்கத்துத் தனியார் கிளினிக்குகளிலும் பால் பண்ணைகளிலும் டாக்டருக்குக் கைத்துணையாக வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நானும் பிளஸ் டூ முடித்து, சில வருஷம் ஒரு கிளினிக்கில் உதவியாளராக இருந்துவிட்டுத்தான் படிக்கப் போனேன். இப்போது இதே நெல்லைச் சீமையில் மருத்துவம் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

உதவியாளராக வேலை பார்த்த அனுபவத்துக்குச் சேர்க்கையில் மதிப்பெண் தருவார்களா?

தரமாட்டார்கள். பத்து வருஷம் மாடு பிடித்தவருக்கும் இந்த வருஷம் பள்ளி முடித்தவருக்கும் தரவரிசைப் பட்டியல் ஒன்றுதான். இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டர் எழுதித் தரும் அனுபவச் சான்றிதழ் வேறு வேலைக்குப் போகும்போது உதவும், கலந்தாய்வில் அதைக் கேட்கவே மாட்டார்கள்.

அப்படியானால் எதை வைத்து இடம் கொடுக்கிறார்கள்?

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. உயிரியல் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு. மொத்தம் 200. உயிரியலில் 92, இயற்பியலில் 80, வேதியியலில் 84 எடுத்திருந்தால் 92, 40, 42 சேர்த்து 174. இதுதான் உங்கள் கட்-ஆஃப். பொதுப்பிரிவில் 190-க்கு மேல் இருந்தால்தான் நம்பிக்கையோடு உட்கார முடியும். மற்றப் பிரிவுகளில் அதற்குக் கீழே வரும். போன இரண்டு மூன்று வருஷத்துக் கலந்தாய்வில் உங்கள் பிரிவுக்குக் கடைசியாக எந்த மதிப்பெண்ணுக்கு இடம் போனது என்பதை எடுத்துப் பாருங்கள். அதைப் பார்க்காமல் வீட்டில் பேச்சை எடுக்காதீர்கள்.

6-ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவரா நீங்கள்? அப்படியென்றால் 2021-இல் வந்த சட்டப்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் தனித் தரவரிசை. அந்த வழியில் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. மானூர்ப் பக்கமும் நாங்குநேரிப் பக்கமும் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உதவியாளர் வேலைக்கு வந்த பிள்ளைகளில் பலருக்கு இப்படி ஒரு கதவு இருப்பதே தெரியாது. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

நீட் எழுத வேண்டுமா?

மாநில இடங்களுக்கு வேண்டாம். ஆனால் உங்களைப் போன்றவர்கள் நீட்டைக் கவனிக்க வேறு ஒரு காரணம் உண்டு. பிளஸ் டூ மதிப்பெண் வந்து முடிந்துவிட்டது. அது 160 என்றால், உதவியாளராக எவ்வளவு கற்றுக்கொண்டாலும் 160-தான். புதிதாக ஒரு மதிப்பெண் வாங்க இருக்கிற இடம் நீட். இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் நாடு முழுக்க உள்ள கல்லூரிகளில் 15 சதவீத இடங்களை அகில இந்திய ஒதுக்கீடாக நீட் மதிப்பெண்ணைக் கொண்டு நிரப்புகிறது. நீட்டைத் தமிழிலும் எழுதலாம். இத்தனை தடவைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடும் கிடையாது. நீட்டுக்கு இருந்த வயது உச்சவரம்பை 2022-இல் எடுத்துவிட்டார்கள். அதற்காகக் கால்நடை மருத்துவச் சேர்க்கைக்கும் அப்படியே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தந்த வருஷத்து விளக்கக் கையேட்டில் வயதுப் பகுதியை வரி விடாமல் படியுங்கள்.

பகல் முழுக்கக் கிளினிக்கில் நின்றுவிட்டு ராத்திரி இயற்பியல் படிப்பது லேசான காரியம் இல்லை. தேர்வுக்கு முந்தைய சில மாதங்களாவது அரை நாள் வேலைக்கு மாற முடியுமா என்று டாக்டரிடம் மனம் விட்டுப் பேசிப் பாருங்கள். படிக்கப் போகிறேன் என்று கேட்கும் பிள்ளைக்கு இல்லை என்று சொல்கிற டாக்டர்கள் குறைவு.

எத்தனை வருஷப் படிப்பு?

ஐந்தரை. நாலரை வருஷம் பாடம், ஒரு வருஷம் உள்ளிருப்புப் பயிற்சி. பயிற்சி வருஷத்தில் உதவித்தொகை உண்டு, அதற்கு முன்னால் கையில் வருமானம் இல்லை.

வேலை அனுபவம் படிப்பில் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

முதல் வருஷம் அநேகமாக உதவாது. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று பாடம் நகரும். எலும்பு எலும்பாக, தசை தசையாக, லத்தீன் பெயரோடு மனப்பாடம் செய்ய வேண்டும். ஊசி போடத் தெரிந்த கைக்கு அங்கே வேலையே இல்லை. கூடப் படிப்பவர்கள் பள்ளியிலிருந்து நேராக வந்தவர்கள், படிக்கும் பழக்கம் இன்னும் சூட்டோடு இருக்கும். வேலையில் இருந்துவிட்டு வந்தவர்கள் சோர்ந்து போவது இந்த இடத்தில்தான். எனக்கும் அந்த வருஷம்தான் கஷ்டமாக இருந்தது.

மருந்தியல், நோயியல் வரும்போது நிலைமை மாறத் தொடங்கும். மருந்தின் பெயரைப் படித்ததும் அந்தப் பாட்டிலின் நிறம், அதைப் போட்ட மாடு, அடுத்த நாள் அது தீவனம் எடுத்ததா இல்லையா என்று எல்லாம் ஞாபகம் வரும். பாடம் தானாக ஒட்டிக்கொள்ளும். மருத்துவமனைப் பயிற்சி ஆரம்பித்ததும் நீங்கள்தான் முன்னால் நிற்பீர்கள். முரட்டு மாட்டின் மூக்கணாங்கயிற்றை எப்படிப் பிடிப்பது, உதைக்கிற மாட்டிடம் எந்தப் பக்கம் போவது, பயந்த நாய்க்கு வாய்க்கட்டுப் போடுவது எப்படி என்பதைப் புத்தகம் ஓரளவுதான் சொல்லித்தரும். அதைவிடப் பெரியது, மாட்டுக்காரரிடம் பேசத் தெரிந்திருப்பது. "ஏய்யா, நேத்து சாயந்திரத்துல இருந்து மாடு அசை போடல" என்று ஒரு ஆச்சி சொன்னால் அதில் பாதி நோய் விவரம் இருக்கிறது. நகரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சைப் பிடிக்கவே ஒரு வருஷம் ஆகிவிடும்.

ஆங்கிலத்தில்தான் பாடமா? நான் தமிழ் வழியில் படித்தவன்.

ஆமாம், ஆங்கிலம்தான். தமிழ் வழியில் படித்து வந்து நல்ல டாக்டர் ஆனவர்கள் ஏராளம். இப்போதே மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளை எடுத்து வாசிக்கத் தொடங்குங்கள். டாக்டர் எழுதும் நோயின் பெயரை ஒரு நோட்டில் குறித்து, அதற்கு என்ன அர்த்தம் என்று கேளுங்கள். ஒரு வருஷம் இப்படிச் செய்தாலே முதல் வருஷப் பயம் பாதியாகக் குறைந்துவிடும்.

உதவியாளர் வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. அப்படியென்றால் டாக்டர் வேலையும் பிடிக்கும்தானே?

இந்தப் பக்கத்தையே இந்தக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். பிடிக்கும் என்று சொல்லிவிட முடியாது. உதவியாளராக இருப்பவருக்கு மிருகத்தின் பக்கத்தில் இருக்க நேரம் கிடைக்கிறது. தடவிக்கொடுக்கலாம், கழுவிவிடலாம், ட்ரிப்ஸ் ஓடும்வரை கூடவே உட்கார்ந்திருக்கலாம். டாக்டருக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. அவருக்குக் கிடைப்பது முடிவெடுக்கும் வேலை.

ஒரு மாடு கன்று போட்டு மறுநாள் எழுந்திருக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வேலை மாட்டைப் பிடிப்பது, பாட்டிலைத் தூக்கிப் பிடிப்பது. டாக்டர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நல்ல பால் மாடா, எத்தனையாவது ஈத்து, காது சில்லென்று இருக்கிறதா, கழுத்தை மடித்து வயிற்றோடு சாய்த்திருக்கிறதா என்று பார்க்கிறார். அப்படி இருந்தால் சுண்ணாம்புச் சத்து இறங்கிப்போன பால் காய்ச்சலாக இருக்கலாம். கன்றை இழுத்து எடுத்தார்களா என்று கேட்கிறார். இழுத்திருந்தால் இடுப்பு நரம்பு அடிபட்டிருக்கலாம், எலும்பே விலகியிருக்கலாம். மடியைக் கறந்து பார்க்கிறார். தண்ணீர் மாதிரிப் பால் வந்தால், மடிநோயின் விஷம் உடம்பில் ஏறிப் படுத்திருக்கலாம். படுத்திருக்கும் மாடு ஒன்றுதான், காரணம் நான்கு. பால் காய்ச்சல் என்று முடிவு செய்து கால்சியத்தை ரத்தக்குழாயில் ஏற்றினாலும், வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுபோகும். அதனால் ஸ்டெதஸ்கோப்பை வைத்துத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே பைய ஏற்ற வேண்டும். பத்து நிமிஷத்தில் மாடு எழுந்து நின்றால் அந்த வீட்டில் எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். எழவில்லை என்றால், சுற்றி நிற்கும் எட்டுப் பேரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பால் விற்றுக் கடன் கட்டுகிற வீடு அது.

இன்னொன்று, ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு கிடை ஆடுகளில் வருவது. காய்ச்சல், வாயில் புண், மூக்கு ஒழுகல். நீலநாக்கா, ஆட்டுக்கொல்லியா? நீலநாக்கு நோயை மழைக்குப் பெருகும் சின்னஞ்சிறு கடிபூச்சிகள் பரப்புகின்றன. செம்மறியைத்தான் அதிகம் வாட்டும். முகம் வீங்கி, குளம்பு வலித்து நொண்டும். ஆட்டுக்கொல்லி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேராகத் தொற்றும். கழிச்சலும் இளைப்பும் சேர்ந்துகொள்ளும், வெள்ளாடுகள் வேகமாகச் சாகும். கிடையில் கீழக்கரிசல் செம்மறியும் கன்னி வெள்ளாடும் கலந்து நிற்கும்போது இதைப் பிரித்துச் சொல்வது டாக்டர் பொறுப்பு. எந்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவது, எந்த ஆடுகளைப் பிரித்துக் கட்டுவது, பக்கத்து ஊர்க் கிடைக்குச் சொல்லி அனுப்புவதா என்று எல்லாவற்றையும் ஆட்டுக்காரர் கேட்கும்போதே சொல்ல வேண்டும்.

இனி உங்களை நீங்களே கவனியுங்கள். டாக்டர் மாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் மனது எங்கே போகிறது? "இது என்னவாக இருக்கும், நானாக இருந்தால் முதலில் எதைப் பார்ப்பேன்" என்று தானாக ஓடுகிறதா? அவர் சொன்ன பிறகு "ஏன் அது இல்லை?" என்று கேட்கத் தோன்றுகிறதா? அப்படி என்றால் படிக்கப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள். மிருகத்துக்கு ஆறுதலாக இருப்பதிலேயே மனசு நிறைந்து, முடிவை வேறு யாராவது எடுத்தால் நல்லது என்று தோன்றுகிறதா? அதுவும் மரியாதையான குணம்தான், நல்ல உதவியாளருக்கு அதுதான் வேண்டும். அந்தக் குணத்தோடு ஐந்தரை வருஷம் படித்து வந்தால் வேலை சுமையாகத்தான் தெரியும்.

எனக்கு நாய் பூனை மட்டும்தான் விருப்பம். அதை மட்டும் படிக்க முடியாதா?

முடியாது. மாடு, ஆடு, கோழி, பன்றி, குதிரை, வனவிலங்கு என்று எல்லாம் படித்தால்தான் பட்டம். பிரேதப் பரிசோதனை உண்டு, இறைச்சிப் பரிசோதனை உண்டு, பண்ணை மேலாண்மை உண்டு. முடித்த பிறகு சிறு பிராணிகளுக்கு மட்டும் கிளினிக் வைக்கலாம், மேற்படிப்பிலும் அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் நடுவில் இருக்கும் வருஷங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிட முடியாது. இதுவரை நாய்க் கிளினிக்கில் மட்டும் வேலை பார்த்திருந்தால், முடிவெடுக்கும் முன் மாட்டுத் தொழுவத்துக்கு ஒரு டாக்டரோடு சில நாள் போய்வாருங்கள். சாணியும் சேறும் உங்களுக்கு ஒத்துவருமா என்று அங்கே தெரிந்துவிடும்.

பெண்களால் பெரிய மாடுகளைச் சமாளிக்க முடியுமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

முடியும். கன்று திரும்பிக் கிடந்தால் அதைச் சரிசெய்யத் தேவைப்படுவது பலத்தைவிடப் பொறுமையும், உள்ளே எந்தக் கால் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் விரல்களும்தான். மாட்டை நிறுத்தக் கயிறும் சட்டமும் மயக்க மருந்தும் இருக்கின்றன. ராத்திரி அழைப்புக்குத் தனியாகப் போவது பற்றிய கவலை வேறு, அது நியாயமான கவலை. மாட்டுக்காரரே வந்து கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவிட வேண்டும் என்று சொல்லி வேலை பார்க்கிற பெண் டாக்டர்கள் இருக்கிறார்கள். கேட்டால் ஊரார் செய்கிறார்கள்.

வயது 25 ஆகிவிட்டது. வீட்டுக்கு என் சம்பளம் வேண்டும். என்ன செய்ய?

முதலில் மேலே சொன்னபடி கையேட்டில் வயது வரம்பைப் பாருங்கள். அதில் தடை இல்லை என்றால், வயதைப் பற்றிக் கவலைப்படுவதைவிடப் பணத்தைப் பற்றி உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். கல்லூரிக் கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் ஒரு பக்கம். நீங்கள் இப்போது வீட்டுக்குக் கொடுக்கும் தொகை நின்றுபோவது இன்னொரு பக்கம். இரண்டாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், நடுவழியில் படிப்பை இடறச் செய்வதும் அதுதான். தங்கச்சி கல்யாணம், அப்பாவின் வைத்தியம், வீட்டுக் கடன் என்று அடுத்த ஐந்தரை வருஷத்தில் வரக்கூடியதை அப்பா அம்மாவோடு வெளிப்படையாகப் பேசுங்கள். முதல் பட்டதாரிச் சலுகை, அரசுப் பள்ளிப் பெண்களுக்கான புதுமைப் பெண், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய், வங்கிக் கல்விக்கடன் ஆகியவற்றில் உங்களுக்கு எது பொருந்தும் என்று விசாரியுங்கள்.

கணக்கு இடிக்கிறது என்றால் ஒரு வருஷம் தள்ளிப்போட்டுச் சேமிக்கலாம், தவறே இல்லை. கந்துவட்டிக்கு வாங்கிப் படிக்காதீர்கள். இந்த ஊரில் அது குடும்பங்களை என்ன செய்திருக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

டாக்டர் இல்லாத நேரத்தில் நானே ஊசி போடுகிறேன், ஊரில் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். படிப்பு எதற்கு?

கோபப்படாமல் கேளுங்கள். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் வைத்தியம் செய்யலாம். உரிய சான்றிதழ் பெற்ற உதவியாளர்கள், மாநில அரசு அனுமதித்த சிறு சேவைகளை மருத்துவரின் மேற்பார்வையில் செய்யலாம். அவ்வளவுதான்.

சட்டத்தை விடுங்கள். வலிக்கும் காய்ச்சலுக்கும் எல்லோரும் போட்டுக்கொண்டிருந்த டைக்ளோஃபினாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றைக் கூட்டம் கூட்டமாக அழித்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். ஆன்டிபயாடிக் போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் விற்பனைக்கு ஊற்றக் கூடாது என்று தெரியாமல் போட்டால், அந்த மருந்து குழந்தையின் டம்ளருக்குப் போகிறது. கை நன்றாக ஓடுகிறது, ஊர் நம்புகிறது என்றால், அந்த நம்பிக்கைக்காகவே படித்துவிட்டு வாருங்கள்.

டாக்டர் ஆகாமல் இதே துறையில் மேலே போக வழி உண்டா?

உண்டு. கால்நடைப் பராமரிப்புத் துறையில் கால்நடை ஆய்வாளர், கால்நடை பராமரிப்பு உதவியாளர் பணிகள் இருக்கின்றன, அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கலாம். சினை ஊசி போடுவதற்கான பயிற்சி பெற்று ஊர் ஊராகப் போய்ச் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள். அதே பல்கலைக்கழகத்தில் உணவு, பால்வளம், கோழியினத் தொழில்நுட்பத்தில் பி.டெக். படிப்புகளும் உண்டு. சொந்தமாக ஆட்டுப்பண்ணை வைத்து நன்றாக இருப்பவர்களையும் எனக்குத் தெரியும். நோயை முன்கூட்டியே பார்த்துவிடும் கண் அவர்களுக்கு இருக்கிறது, அது பண்ணையில் பெரிய லாபம்.

படித்து முடித்தால் அரசு வேலை நிச்சயமா?

நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கால்நடை உதவி மருத்துவர் பணிக்குத் தேர்வாணையம் 2019-இல் 1,141 இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது, அடுத்து 2022-இல் 731 இடங்களுக்கு. வருஷா வருஷம் வருவதில்லை. காத்திருக்கும் காலத்தில் தனியார் கிளினிக், நாமக்கல் கோழிப்பண்ணைகள், பால் நிறுவனங்கள், மருந்து நிறுவனங்கள், வங்கிகளின் வேளாண் அலுவலர் பணி, ராணுவத்தின் கால்நடைப் பிரிவு, மேற்படிப்பு என்று போகிறார்கள். சொந்தமாகப் பிராக்டிஸ் செய்தால் நெல்லைப் பக்கம் சோற்றுக்குப் பஞ்சம் வராது. நாய் வளர்ப்பும் கூடிக்கொண்டே போகிறது.

ரத்தம் பார்த்தால் தலை சுற்றுகிறது.

பழகிவிடும். பலருக்கும் ஆரம்பத்தில் இருந்ததுதான்.

விண்ணப்பிப்பதற்கு முன் இப்போதே என்ன செய்யலாம்?

முதலில் வெறிநோய்க்கான முன்தடுப்பு ஊசி. 0, 7, பிறகு 21 அல்லது 28-ஆம் நாள் என்று மூன்று தவணை. படிக்கப் போனாலும் போகாவிட்டாலும் இந்த வேலையில் இருக்கிற ஒவ்வொருவரும் போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்து, இளங்கொடி (நஞ்சுக்கொடி) எடுக்கும்போதும் கன்று வீசிய, அதாவது கரு கலைந்த மாட்டைத் தொடும்போதும் கையுறை இல்லாமல் கை வைக்காதீர்கள். புருசெல்லா கிருமி மனிதருக்கும் தொற்றி மாதக்கணக்கில் காய்ச்சலும் மூட்டுவலியுமாக வாட்டும். டாக்டர் கையுறை வாங்கித் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை.

அப்புறம், சங்கரன்கோவில் சாலையில் இராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உங்கள் டாக்டர் மாடோ நாயோ அனுப்பும்போது கூடப் போய்வாருங்கள். உள்ளிருப்புப் பயிற்சி மாணவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். அவர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள். ஒரு பிரேதப் பரிசோதனையை முழுசாக நின்று பாருங்கள். பிளஸ் டூ உயிரியல் புத்தகத்தை எடுத்துத் தினமும் ஒரு மணி நேரம் படித்துப் பாருங்கள். ஒரு மாதம் கழித்தும் அந்தப் புத்தகத்தை எடுக்க மனசு வருகிறதா என்று பாருங்கள்.

கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை எடுப்பது?

சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி வீரபாண்டி என்று ஏழு இருக்கின்றன. பட்டம் எங்கும் ஒன்றுதான். 1903-இல் தொடங்கிய வேப்பேரிக்கு நாய் பூனைகள் ஏராளமாக வரும். நாமக்கல்லில் கோழி. 2012-இல் வந்த நம் இராமையன்பட்டிக்கு இந்தச் சுற்றுவட்டாரத்து ஆடுகளும் மாடுகளும் வரும். வீட்டில் பண நெருக்கடி இருந்தால் நம் ஊர்க் கல்லூரியை முதல் விருப்பமாகப் போடச் சொல்வேன். போக்குவரத்துச் செலவு குறையும், வீட்டில் ஒரு அவசரம் என்றால் ஓடி வரலாம், விடுமுறையில் பழைய டாக்டரிடமே போய் நிற்கலாம். குடும்பம் தாங்கும், நாய் பூனையில்தான் ஆசை என்றால் வேப்பேரியை மேலே போடுங்கள். இரண்டும் கிடைக்காமல் தலைவாசலோ உடுமலையோ கிடைத்தால், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று இடத்தை விட்டுவிடாமல் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.